நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள பொறியே வராமப் பண்ண ஏலாதா?

கேட்டவர்: உப்புவெளித் தம்பி, 13 ஜனவரி 2023

அண்ணன், 2021 கடைசியில நாடு முழுக்க கேஸ் சிலிண்டர் வெடிச்ச நேரம் எங்கட அம்மா ரெண்டு மாசம் குசினிக்குள்ள கேஸ் அடுப்பைத் தொடவே இல்ல, விறகுதான். அப்பதான் இதை யோசிச்சனான். நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள கேஸ் வருமெண்டு எல்லாருக்கும் தெரியும். அப்ப நெருப்புப்பெட்டி, சிகரட், போன் எல்லாத்தையும் வாசலில பறிச்சா முடிஞ்சுதே? பொறி இல்லாட்டி வெடி இல்ல. பிறகும் ஆக்கள் சாகிறாங்கள் எண்டா கவனயீனம்தானே? நான் எலக்ட்ரீசியன் கோர்ஸ் முடிச்சிட்டன், மச்சான் ஒருத்தர் ஒஸ்திரேலியாவில சுரங்கத்துக்கு அப்ளை பண்ணச் சொல்லுறார். நீங்கள் அங்க நிண்டனீங்கள் எண்டு சொன்னாங்கள், அதான் கேக்கிறன்.

13 ஜனவரி, இரவு 10.20

பறிக்கத்தான் செய்யிறாங்கள். லைட்டர், சிகரட், போன், பற்றரி போட்ட மணிக்கூடு, அலுமினியக் கேன்ல வாற சோடா எல்லாத்தையும் மேல வச்சிட்டுத்தான் இறங்கோணும். நான் 9 வருசம் குவீன்ஸ்லாந்தில, போவன் பேசின் பக்கம், நிலத்துக்குக் கீழ எலக்ட்ரீசியன் வேலை பாத்தனான். முதல் கிழமையே கையில மணிக்கூட்டோட போய் நிண்டு திரும்பி வந்தனான்.

ஆனா தம்பி, நெருப்புப்பெட்டியைப் பறிக்கலாம், வெட்டுற மெசின்ர பல்லை எப்பிடிப் பறிக்கிறது? ஷியரர் எண்டொரு மெசின், ஆளுயரத்தை விடப் பெரிய உருளை, அதில சுத்திவர இரும்புப் பல்லு, பிக் எண்டு சொல்லுவாங்கள். நிலக்கரியை வெட்டேக்க ஒண்டும் பெரிசா நடக்காது. மேலயோ கீழயோ மணற்கல்லில பட்டிட்டுதெண்டா அந்தப் பல்லுக்குப் பின்னால கல்லில ஒரு கோடு பழுத்துச் சிவந்து கிடக்கும், கண்ணால காணலாம். கேஸைக் கொளுத்தினது பறக்கிற பொறி எண்டுதான் நானும் முதல் நினைச்சனான், இல்ல, பறக்கிற பொறியை விட அந்தக் கல்லில ஒட்டிக் கிடக்கிற சூடுதான் பொல்லாதது. அதுக்குத்தான் ஒவ்வொரு பல்லுக்கும் பின்னால தண்ணி பீச்சியடிக்கிற சின்னக் குழாய். பல்லு மழுங்கினா சூடு கூட, தண்ணி அடைச்சாச் சூடு ஆறாது, ரெண்டும் ஒண்டாச் சேந்தா?

2010 ஏப்ரல் 5, அமெரிக்காவில அப்பர் பிக் பிராஞ்ச் எண்ட சுரங்கம் வெடிச்சு 29 பேர் செத்தாங்கள். விசாரணையில வந்தது இதுதான்: மழுங்கின பல்லு, ஒழுங்கா வேலை செய்யாத தண்ணி. சிகரட்டால வந்ததில்ல.

14 ஜனவரி, பகல் 2.05

நேற்று அலுமினியக் கேன் எண்டு எழுதினதுக்கு ஒருத்தர் சிரிச்சிருக்கிறார், சோடா என்ன வெடிக்குமோ எண்டு. துருப்பிடிச்ச இரும்பில அலுமினியத்தை ஓங்கி அடிச்சா துரு தன்ர ஒக்சிஜனை அலுமினியத்துக்குக் குடுத்திடும், சாதாரண இரும்புப் பொறியை விடக் கனக்கச் சூடு வரும். தண்டவாளத்தை ஒட்டவைக்கிறதும் இதே வேலைதான், தெர்மைட். கீழ துருவில்லாத இரும்பு எங்க இருக்கு?

14 ஜனவரி, இரவு 9.40 (கரண்ட் இப்பதான் வந்தது)

கேஸ் சிலிண்டரையும் சுரங்கக் கேஸையும் ஒண்டாக் குழப்பாத. குசினிக் கேஸ் காத்தை விடப் பாரம், நிலத்தில படுத்துக் கிடக்கும், அதாலதான் லீக் எண்டா கதவைத் திறந்து கீழால விசுக்கச் சொல்லுறது. சுரங்கக் கேஸ் எண்டது மீதேன், அது காத்தில பாதிப் பாரம். கூரையில போய் ஒட்டிக்கொண்டு நிக்கும். காத்தோட்டம் மெதுவா இருந்தா கூரையோட ஒரு படையா நீளத்துக்குப் போகும், நீ நெஞ்சு உயரத்தில கேஸ் அளக்கிற மீற்றரைப் பிடிச்சுப்போட்டு அரை வீதம்தான் எண்டு சந்தோசமா நிப்பாய், தலைக்கு மேல ஆறு வீதம் நிக்கும்.

கணக்கு இதுதான். காத்தில மீதேன் 5 இலிருந்து 15 வீதம் வரைக்கும் எண்டா வெடிக்கும். ஒன்பதரைக்குக் கிட்ட வந்தா மோசமா வெடிக்கும். 5க்குக் கீழ கேஸ் காணாது, 15க்கு மேல ஒக்சிஜன் காணாது. குவீன்ஸ்லாந்தில 1.25 வந்தா மெசினுக்குக் கரண்ட் தானா விழுந்திடும், 2.5 வந்தா ஆக்கள் வெளியில. கொளுத்தத் தேவையான சக்தி ஒரு மில்லிஜூல்ல மூண்டில ஒண்டும் இல்ல. நைலோன் சேட்டைக் கழட்டேக்க சடசடக்குதே, அது காணும்.

அப்ப நீ பொறியை எண்ணி எண்ணித் தடுக்கப் போறியோ? முதல் வேலை கேஸை இல்லாமப் பண்ணுறது. வெட்டுறதுக்கு மாசக்கணக்கு முன்னமே நிலக்கரிக்குள்ள நீளத்துளை போட்டு மீதேனை உறிஞ்சி எடுக்கிறாங்கள். மிச்சத்தைப் பெரிய பங்காவால அடிச்சுக் கலைக்கிறாங்கள். மேல நிண்டு அந்தப் பங்காச் சத்தத்தைக் கேட்டா ஆஸ்பத்திரியில மூச்சு மெசின் நினைவு வரும். அது நிண்டா எல்லாரும் வெளியில, கேள்வியே இல்ல. நியூசிலாந்தில பைக் ரிவர் எண்ட சுரங்கத்தில பிரதான பங்காவையே நிலத்துக்குக் கீழ வச்சிருந்தாங்கள். 2010 நவம்பர் 19 வெடிச்சது, பங்காவும் போச்சுது, 29 பேர். அதுவும் 29, அதே வருசம்.

15 ஜனவரி

பொங்கல். பொடியன்கள் விடியப்பறமே சீன வெடி கொளுத்தத் தொடங்கிட்டாங்கள். பிறகு எழுதுறன்.

16 ஜனவரி, இரவு 11.30

இண்டைக்கு எழுதப் போறதுதான் விசயம், மற்றதெல்லாம் முன்னுரை எண்டு வச்சுக்கொள்.

நீ சின்னனா இருக்கேக்க கூத்துப் பாத்திருப்பியோ தெரியாது. அரக்கன் வரவு எண்டா ஒருத்தன் தீப்பந்தத்தைப் பிடிப்பான், மற்றவன் குங்கிலியப் பொடியை அள்ளி அதுக்கு மேல எறிவான், புஸ்ஸெண்டு ஒரு பனையளவுக்கு நெருப்பு எழும்பும். அதே குங்கிலியத்தைக் கட்டியா வச்சுக் கொளுத்திப் பார், புகைஞ்சுகொண்டு கிடக்கும். பொடியாக்கிக் காத்தில தூவினாத்தான் அந்தக் கோலம். நிலக்கரித் தூசும் அதேதான். மா ஆலையிலயும் அதேதான், நான் முந்தி ஒரு மாக் களஞ்சியத்தில கொஞ்ச நாள் வயரிங் வேலை செய்தனான், வளையில ஒரு விரல் தடிப்புக்கு மா படிஞ்சு கிடக்கும், கூட்டச் சொல்லிக் கேட்டா "அது சாப்பாட்டுச் சாமான் தானே" எண்டு மேற்பார்வையாளர் சொன்னவர். அப்ப எனக்கும் தெரியாது, நானும் சிரிச்சனான்.

சுரங்கத்தில ஆயிரக்கணக்கில ஆக்களைக் கொன்றது கேஸ் இல்ல, தூசு. கேஸ் கொளுத்தி விடும், அவ்வளவுதான். சின்னக் கேஸ் வெடி ஒண்டு வந்தா முன்னால ஒரு காத்து அடிச்சுக்கொண்டு போகும், அது நிலத்தில, சுவரில, வளையில கிடக்கிற தூசை எழுப்பும், பின்னால வாற நெருப்பு அதைத் தின்னும், தின்னத் தின்ன இன்னும் பெரிய காத்து. கிலோமீற்றர் கணக்கில ஓடும். பிரான்சில கூரியேர், 1906 மார்ச் 10, 1,099 பேர். 20 நாள் கழிச்சு 13 பேர் இருட்டுக்குள்ளால தாங்களாத் தடவித் தடவி வெளியில வந்தாங்கள், எல்லாரும் செத்திட்டாங்கள் எண்டு முடிவெடுத்தாப் பிறகு. அதுக்கும் பிறகு இன்னும் ஒருத்தர். எவ்வளவு தூசு தேவையெண்டு நினைக்கிறாய்? ஒரு கடதாசித் தடிப்புக்குப் படிஞ்சிருந்தாக் காணும்.

இதுக்கு மருந்து என்ன தெரியுமோ, இன்னொரு தூசு. சுண்ணாம்புக்கல்லை மாவா அரைச்சு எல்லா இடமும் அடிக்கிறது, ஸ்டோன் டஸ்ட். காத்து எழுப்பேக்க ரெண்டும் சேந்து எழும்பும், கல்லு எரியாது, சூட்டைக் குடிச்சுப்போடும், நெருப்புக்குப் பசி அடங்கிடும். இங்கிலாந்தில கார்ஃபோர்த் எண்டவர் 1886ல ஆல்டொஃப்ட்ஸ் வெடிக்குப் பிறகு, கல்லுத் தூசு கிடந்த இடங்கள்ல வெடி அடங்கினதைக் கண்டு பிறகு வருசக்கணக்காச் சோதிச்சுப் பாத்தவர். அமெரிக்காவில இப்ப சட்டம், தூசை அள்ளிப் பாத்தா நூற்றுக்கு 80 பங்கு எரியாத சாமானா இருக்கோணும். அதை 80 ஆக்கினது 2010ல, மேல சொன்ன 29 பேருக்குப் பிறகு.

நாங்கள் வேலை செய்த ரோட்டெல்லாம் (கீழ போற பாதையை அப்பிடித்தான் சொல்லுறது) வெள்ளை வெளேரெண்டு இருக்கும். நிலக்கரிச் சுரங்கம் எண்டா கருப்பு எண்டு நினைச்சுப் போனவன் நான், முதல் நாள் பாத்தா உப்பளத்துக்குள்ள இறங்கின மாதிரி. வெள்ளை கறுக்கத் தொடங்கினா டெப்யுட்டி, பாதுகாப்பைப் பாக்கிற மேற்பார்வையாளர், சுவரில விரலை வச்சு இழுப்பார், பிறகு ஒண்டும் சொல்லாமப் போய் பேக் கணக்கில கொண்டுவரச் சொல்லுவார். ஈரம் பட்டா அது கட்டியாகிடும், கட்டியானா எழும்பாது, எழும்பாட்டி அடிச்சும் பிரயோசனமில்லை. இதை நான் ஒத்துக்கொள்ள மனமில்லாம ரெண்டு வருசம், தண்ணி ஊறின இடத்திலயும் வெள்ளையாத்தானே கிடக்கு எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சனான்.

17 ஜனவரி, காலை 6.50

விட்டுப்போச்சு. அதையும் தாண்டி வந்தா எண்டு கூரையில வரிசையாப் பை தொங்கும், கல்லுத்தூசு நிரப்பின பை. சில இடத்தில தண்ணித் தொட்டி. வெடியில முதல் வாறது காத்து, பிறகுதான் நெருப்பு. காத்து வந்து பையைக் கிழிச்சுத் தூசைப் பரப்பிப்போட்டு நிக்க நெருப்பு வந்து அதுக்குள்ள மாட்டும். கரண்ட் தேவையில்ல, ஆள் தேவையில்ல. மெசினிலயே பூட்டுற வகையும் இருக்கு, நெருப்பின்ர வெளிச்சத்தைக் கண்டு மில்லிசெக்கன் கணக்கில பவுடரை அடிக்கும். எனக்கு இந்தப் பையிலதான் நம்பிக்கை கூட, எலக்ட்ரீசியனா இருந்தும்.

19 ஜனவரி, இரவு 8.15

டேவி லாம்பு வந்தாப்பிறகு பிரச்சினை தீர்ந்துது எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சதா ரெண்டு பேர் எழுதியிருக்கிறியள். நானும் அப்பிடித்தான் படிச்சனான், நேற்று "ஓம், கனக்கக் குறைஞ்சுது" எண்டு பதிலும் போட்டனான். அந்தப் பதிலை அழிச்சுப்போட்டன், பிழை.

1812 மே 25 இங்கிலாந்தில ஃபெல்லிங் சுரங்கத்தில 92 பேர் செத்தாங்கள், அதுக்குப் பிறகுதான் டேவி 1815ல அந்த லாம்பைச் செய்தவர். ஸ்டீபன்சனும் அதே நேரம் தன்ர பாட்டில ஒண்டு செய்தவர், பிறகு யார் முதல் எண்டு சண்டை. தேத்தண்ணி வடி மாதிரி நுண்ணிய கம்பி வலையைச் சுடருக்குச் சுத்திவரப் போட்டா நெருப்பு வலைக்கு வெளியில வராது, கம்பி சூட்டை இழுத்திடும். காஸ் அடுப்பில ஒரு வடியைப் பிடிச்சுப் பார், மேல நெருப்பு ஏறாது (வீட்டுக்காரியின்ர நல்ல வடியை எடுக்காத, எனக்கு அனுபவம்).

லாம்பு நல்ல சாமான். ஆனா அது வந்த உடன என்ன நடந்தது, முந்தி கேஸ் எண்டு விட்டிட்டுப் போன இடத்துக்கெல்லாம் முதலாளிமார் ஆக்களை இறக்கினாங்கள். லாம்பு இருக்குத்தானே எண்டு காத்தோட்டத்தைக் கவனிக்காமலும் விட்டாங்கள். வலை துருப்பிடிச்சு ஒரு ஓட்டை விழுந்தாப் போதும். சாவு குறையேல்ல.

கடைசிக் கூத்தைக் கேள். குவீன்ஸ்லாந்தில மூரா, 1986, 12 பேர். கேஸ் இருக்கோ எண்டு பாக்கக் கொண்டுபோன சேஃப்டி லாம்பிலதான் விசாரணைக்குச் சந்தேகம் விழுந்தது. அதுக்குப் பிறகு அங்க லாம்பையே கீழ கொண்டுபோக விடுறதில்ல.

21 ஜனவரி, இரவு 11.55

தம்பி தனியாக் கேட்டிருந்தான், எலக்ட்ரீசியனுக்கு அங்க என்ன வித்தியாசம் எண்டு. பொதுவிலயே சொல்லுறன்.

சுவிச் எல்லாம் வைக்கிற ஃபிளேம்ப்ரூஃப் பெட்டி எண்டா கேஸ் உள்ள போகாத பெட்டி எண்டு நினைச்சிராத. கேஸ் போகும். சுவிச் பொறி விட்டா உள்ளுக்குள்ள வெடிக்கவும் செய்யும். பெட்டி அதைத் தாங்கோணும், அது ஒண்டு. மற்றது, வெடிச்ச நெருப்பு மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில இருக்கிற மயிரளவு இடைவெளியால நெருக்கிப் பிழிஞ்சு வரேக்க இரும்பு அந்தச் சூட்டைக் குடிச்சிடும், வெளியில வாறதுக்குக் கேஸைக் கொளுத்துற தென்பு இராது. யோசிச்சுப் பாத்தா டேவியின்ர வலைதான் இதுவும், 200 வருசத்துக்குப் பிறகு இரும்புப் பெட்டியா வந்து நிக்குது. இன்னொரு வகை, கரண்டையே அவ்வளவு குறைச்சு விடுறது, வயர் அறுந்து பொறி பறந்தாலும் கேஸைக் கொளுத்தக் காணாது. அந்த யோசனைக்குப் பின்னால வேல்ஸில செங்ஹெனித் இருக்கு, 1913 அக்டோபர் 14, 439 பேர், சிக்னல் மணி அடிக்கிற வயர்ப் பொறியில ஆரம்பிச்சிருக்கலாம் எண்டு பேச்சு வந்தது. வெறும் மணி.

இப்ப என்ர கதை. மூண்டாவது வருசம், இரவு ஷிஃப்ட், நிலக்கரி கொண்டுபோற பெல்ட் நிண்டுபோச்சு. பெட்டியைத் திறந்து வேலையை முடிச்சு மூடேக்க ஒரு போல்ட் பிடிக்கேல்ல, புரி தேஞ்சிட்டுது. மற்றதெல்லாம் இறுக்கித்தானே கிடக்கு, காலைல வாறவன் பாப்பான் எண்டு விட்டிட்டு வந்திட்டன். போனில ஆள் மாறி ஆள் கத்திக்கொண்டு நிண்டாங்கள், பெல்ட் எப்ப, பெல்ட் எப்ப எண்டு. அடுத்த ஷிஃப்டில ஒரு கிழவன், இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு, ஃபீலர் கேஜ், அதை அந்த மூலைக்குள்ள செருகினான், அது சும்மா போச்சுது. உடன கரண்டை வெட்டிப்போட்டான். என்னைப் பேசேல்ல. பழுதுப் புத்தகத்தில என்ர பேரை எழுதினான், கீழ என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னான்.

நீ கவனயீனமோ எண்டு கேட்டாய். ஓம், அது கவனயீனம்தான், பச்சையா என்ர கவனயீனம். ஆனா எட்டு மணித்தியாலம் அந்தப் பெட்டி அப்பிடிக் கிடந்தும் ஒண்டும் நடக்காததுக்குக் காரணம், என்னை மாதிரி ஒருத்தன் ஒரு நாள் வருவான் எண்டு முன்னமே நினைச்ச யாரோ அந்த ரோட்டில கேஸை அரை வீதத்துக்குக் கீழ வச்சிருந்தான், வேற யாரோ கல்லுத்தூசு அடிச்சிருந்தான். பொறி வராமப் பண்ணோணும் எண்ட உன்ர ஆசை நல்லது. பொறி வரும் எண்டு வச்சு மிச்சத்தை ஆயத்தப்படுத்தினவன்தான் என்னைக் காப்பாத்தினவன்.

24 ஜனவரி

"இலங்கையில நிலக்கரிச் சுரங்கமே இல்ல, திருகோணமலையில இருந்துகொண்டு என்ன ஆராய்ச்சி" எண்டு ஒரு ஐயா. இல்லத்தான். நிலத்துக்குக் கீழ போறதெண்டா பொகல, கஹட்டகஹ எண்ட இடங்களில காரீயச் சுரங்கம் இருக்கு. சம்பூருக்கு நிலக்கரி மின் நிலையம் எண்டு வந்து 2016ல அதுவும் கைவிட்டாச்சு. ஆனா நெருப்பு எங்களுக்குப் புதுசோ? சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் 99, 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் வந்து அடிச்சதில ஒரு தாங்கி ஏழு நாள் எரிஞ்சது எண்டு எங்கட அப்பப்பா சொல்லிச் சொல்லியே எங்களை நித்திரையாக்கினவர். அதே மாசம் 26, அதே ஜப்பான்காரன் பிடிச்சு வச்சிருந்த மஞ்சூரியாவில பென்ஷிஹு சுரங்கத்தில கேஸும் தூசும் வெடிச்சு 1,549 பேர். உலகத்தில அதை மிஞ்சின நிலக்கரிச் சுரங்க வெடி இல்ல. கீழ ஆக்கள் உசிரோட இருக்கேக்கயே நெருப்பை அணைக்கக் காத்தை நிப்பாட்டி வாசலை மூடிப்போட்டாங்கள், கனபேர் வெடியில இல்ல, கார்பன் மொனொக்சைட்டிலதான் செத்தது.

1 பிப்ரவரி, பிற்பகல் 4.30

கடல்ல தாழமுக்கம், போட் ஒண்டும் போகேல்ல. மழை ஊத்துது. வீட்டுக்குள்ள இருந்து எழுதுறன்.

இந்த மாதிரி நாளில சுரங்கத்தில முதல் பாக்கிறது பாரோமீற்றரை. வெட்டி முடிச்சுக் கூரை இடிய விட்ட இடம் இருக்கு, கோஃப் எண்டுவாங்கள், அதுக்குள்ள மீதேன் நிரம்பிக் கிடக்கும். வெளியில காத்தமுக்கம் இறங்கினா அது ஊதின பை மாதிரி வெளியால தள்ளிக்கொண்டு வரும். மேல மழை, கீழ மீற்றர் அலறும். எங்கட மீன்பிடிகாரர் வானத்தைப் பாக்கிற மாதிரி அவங்களும் பாப்பாங்கள்.

கோஃபுக்குள்ள இன்னொண்டு. அங்க பொறியே தேவையில்ல, நிலக்கரி தானாச் சூடாகும். கொஞ்சக் காத்துப் போய், சூடு வெளியேற வழியில்லாட்டி, கிழமைக் கணக்கில மெல்ல மெல்ல. அதைக் கண்ணால காணேலாது, கார்பன் மொனொக்சைட் கூடுற வேகத்தைப் பாத்துத்தான் பிடிக்கிறது, பழைய ஆக்கள் மூக்காலயும் பிடிப்பாங்கள். மூரா திரும்பவும், 1994 ஆகஸ்ட் 7: உள்ள சூடாகிக்கொண்டிருந்த ஒரு பகுதியை மூடினாங்கள். மூடினா மீதேன் ஏறும், 5ஐத் தாண்டி 15ஐக் கடந்தாத்தான் பயமில்ல, நடுவில வாற நேரம்தான் எமன். மூடி ஒரு நாள் ஆகிறதுக்குள்ள வெடிச்சது, ஆக்கள் கீழ வேலையில. 11 பேர். இண்டைவரைக்கும் அவங்கள் உள்ளதான்.

இப்ப மூடேக்க நைட்ரஜன் விடுவாங்கள், ஒக்சிஜனே இல்லாமப் பண்ண. பெரிய நெருப்பெண்டா போலந்துக்காரன்ர ஒரு சாமான் இருக்கு, ஜெட் எஞ்சின், வாசலில வச்சு அதின்ர புகையை உள்ள அடிப்பாங்கள். நெருப்பை அணைக்க நெருப்புக் கக்கிற எஞ்சின். பைக் ரிவரிலயும் நாலு வெடிக்குப் பிறகு அதைத்தான் ஓட்டினது.

3 பிப்ரவரி

14ம் தேதி 5க்குக் கீழ கேஸ் காணாது எண்டு எழுதினதைத் திருத்தோணும். சுத்தமான காத்திலதான் அது சரி. நிலக்கரித் தூசு கலந்து நிண்டா 5க்குக் கீழயும் வெடிக்கும். யாரும் பிடிக்கேல்ல, நானே இரவு படுக்கேக்க யோசிச்சு எழும்பினனான்.

6 பிப்ரவரி, இரவு 9.10

தம்பிக்கு இன்ரவியூக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திட்டுதாம், கேள்வி என்னெண்டா தாடி வழிக்கோணுமோ எண்டு. இவ்வளவு எழுதினதுக்கு இதுதான் கேள்வி. வெடி நடந்தாப் போடுற ஒக்சிஜன் செட் வாயில கடிச்சு மூக்கில கிளிப் போடுறது, அதுக்குத் தாடி பிரச்சினையில்ல. தூசு மாஸ்க்குக்கு வழிக்கத்தான் வேணும், இல்லாட்டி முகத்தோட ஒட்டாது. அக்காவின்ர கலியாணம் இந்த மாசக் கடைசி எண்டு சொன்னாய், அது முடிய வழி, போட்டோவுக்கு இருக்கட்டும்.